கதிரையிலிருந்து பார்த்த நெபுலா

கதிரைதான் முதலில் வந்தது. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். கைப்பிடிகளில் செதுக்கு வேலை. சிவப்பு வெல்வெட் மெத்தை. முதுகில் போட்டிருந்த வெள்ளைத் துவாயில் சலவைக் கஞ்சியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. வார்னிஷ் வாடை அதற்கு முன்னால் வந்தது.

என் தங்கச்சி தவமணி அப்போது நடு மேசையில் குனிந்து ஒரு கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அன்று காலையிலேயே வந்து பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். கதிரையைத் தூக்கி வந்தவர்கள் வட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். பிரதம அதிதியை எங்கே உட்கார வைப்பது? வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது.

சற்று நேரத்தில் வட்டம் கலைந்து வரிசைகள் ஆனது. மேசையைச் சுவர்ப்பக்கம் தள்ளினார்கள். மேசைக்கு நேர் எதிரே, நடுக்கோட்டில், அந்தக் கதிரையை வைத்தார்கள். அதற்குப் பின்னால் மற்றவர்கள். இடம் போதாமல் நாலைந்து கதிரைகளை மட்டும் ஜன்னலோரமாக, மேசைக்குப் பக்கவாட்டில் போட்டார்கள்.

"அண்ணே, வட்டத்தக் கலைச்சுட்டாங்க" என்றாள் தவமணி.

"சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். பணிப்பாளர் சேருக்குப் பக்கத்துல, சமமா யாரும் ஒக்காரக் கூடாதாம்."

இந்தத் தொடரில் கோபத்தை ஒதுக்கி வைத்து எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். இந்த வாரம் அது நடக்காது.

எதற்காக அந்த மண்டபம்

இது அண்மையில் கண்டி நகரத்தில் நடந்தது. எந்த அலுவலகம், எந்த மண்டபம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் கதிரை மட்டும்தான் அப்படி என்று நினைத்துவிடுவீர்கள்.

தவமணி மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். விடிவதற்குள் கிளம்பி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினால், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அவளுடைய இடுப்புக்குத் தெரியும். முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது. வைத்தியர் பஸ்ஸை விடச் சொன்னார். பஸ்ஸை விட்டால் வேலையை விட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கண்டியிலேயே ஒரு வளவாளர் பதவி வந்தது. வளவாளர் என்றால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். தமிழ் மொழிமூல விஞ்ஞானத்துக்கு அப்படி ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்ததே இல்லை. சிங்களத்தில் விரிவுரை நடக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வார். அரை மணி நேரப் பாடம் ஒரு மணி நேரமாகும். விளங்குவது கால்வாசி.

தேர்வுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து மாணவர்களைப் போல உட்காருவார்கள். தேர்வுக் குழு மதிப்பிடும். தமிழில் படிப்பிக்க ஆள் எடுக்கும் அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதை நான் இரண்டு முறை விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அதே நாளில் மண்டபத் திறப்பு விழாவும் என்பதால் செய்தி எடுக்க நான் போயிருந்தேன். தவமணி என் தங்கச்சி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நட்சத்திரம் தன்னைக் கழற்றும் விதம்

அவள் எடுத்த பாடம் கோள் நெபுலா. சாப்பாட்டு மேசையில் பல மாலைகள் அதைக் கேட்டே எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீரும் காலத்தில் ஊதிப் பெருத்துச் சிவக்கிறது. தன் வெளிப்புறத்தைப் பிடித்து வைக்க அதற்குப் பலம் போதாது. விம்மித் தணிந்து, விம்மித் தணிந்து, வாயுவையும் தூசியையும் மெதுவாக வெளியே விடுகிறது. கடைசியில் உள்ளே மறைந்திருந்த கொதிக்கும் கரு வெளிப்படுகிறது.

கருவிலிருந்து இரண்டாவது காற்று ஒன்று கிளம்புகிறது. மெல்லியது, ஆனால் மிக வேகமானது. முன்னால் போன மெதுவான வாயுவை அது எட்டிப் பிடித்து மோதி, ஓடு போல ஒதுக்கித் தள்ளுகிறது. கருவிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர் பட்டு அந்த ஓடு ஒளிர்கிறது. ஒட்சிசன் பச்சையாக, ஐதரசனும் நைதரசனும் சிவப்பாக. அதுதான் கோள் நெபுலா. கோளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சிறிய தொலைநோக்கியில் பார்த்த பழைய ஆட்களுக்கு அது கோளின் வட்டத் தட்டைப் போலத் தெரிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் உருண்டையாக இருப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் சுற்றினால், அதன் இழுப்பில் இடுப்புப் பக்கத்தில் வாயுவும் தூசியும் தடித்துப் பட்டியாகிவிடும். வேகக் காற்றுக்கு அங்கே வழி இல்லை. மேலும் கீழும் பீறிட்டுப் போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் உடுக்கை. நேர் மேலிருந்து வாய் வழியாகப் பார்த்தால் வட்ட வளையம். பொருள் ஒன்றுதான். பார்ப்பவர் இருக்கும் இடம்தான் வேறு.

தவமணி செய்த மாதிரி உருவம் இதைத்தான் காட்டியது. கொடிக்கம்பியை வளைத்து உடுக்கை வடிவில் கூடு கட்டி, அதன்மேல் நுளம்பு வலையை இழுத்துத் தைத்திருந்தாள். நடுவில் குட்டி மின்குமிழ். இடுப்பைச் சுற்றி மண்ணிறக் கம்பளி நூல். சாப்பாட்டு மேசையில் அதன் பசை காயும்வரை இரண்டு நாள் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

அவளுடைய திட்டம் எளிமையானது. எல்லோரும் வட்டமாக இருந்து, என்ன வடிவம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஒருவர் வளையம் என்பார், இன்னொருவர் உடுக்கை என்பார். சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். அதற்குப் பிறகு, எழுந்து போய்ச் சுற்றிப் பார்க்க முடியாத வானியலாளர்கள் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்வாள். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி கொஞ்சம் நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். அதை அளந்து, எந்தப் பகுதி முன்னே, எது பின்னே என்று கட்டி எழுப்புகிறார்கள். எழ முடியாதவர்கள் படும் பாடு அது.

ஒரு பழைய வழி

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

நிருபராகச் சேர்ந்த புதிதில் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு பிரமுகரின் வருகையை எழுதப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். வாசல்களில் மாவிலை. பிரமுகர் ஜீப்பிலிருந்து இறங்காமலே கையசைத்தார். "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். எங்கள் புகைப்படக்காரர் பாதையில் நின்று படமெடுத்தார். படம் அழகாக வந்தது.

எனக்குச் சிறுநீர் முட்டியதால் லயத்தின் பின்பக்கம் போனேன். பின்சுவரில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, "இந்தப் பக்கம் வரமாட்டாங்கன்னுதானே சொன்னாங்க?" என்றாள்.

வெள்ளை அடித்தது பாதையிலிருந்து தெரியும் பக்கத்துக்கு மட்டும். எந்தச் செய்திக்குப் போனாலும் பின்பக்கம் ஒரு தடவை நடந்துவிட்டு வருவது அன்றிலிருந்து எனக்குப் பழக்கம். அது ஒன்றும் பெரிய திறமை இல்லை. கால் இருந்தால் போதும்.

"கண் டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாம்?"

மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

பிரதம அதிதியும் தேர்வுக் குழுவின் தலைவருமான பணிப்பாளர் வந்தார். விளக்கு ஏற்றினார். கதிரையில் அமர்ந்தார். மேசையைத் தள்ளியவர்கள் மாதிரியின் திறந்த வாயைச் சரியாக அவர் முகத்துக்கு நேரே விட்டிருந்தார்கள். தவமணி அதைத் திருப்பவில்லை. ஜன்னலோரம் சிலர் இருக்கிறார்களே, பாடம் நடக்கும் என்று நினைத்தாள்.

"என்ன வடிவம் தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று தொடங்கினாள்.

கதிரைக்கு முன்னால் யாரும் முந்திப் பேசுவதில்லை. மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் நவாஸ் கேள்வியைச் சிங்களத்தில் சொன்னார். பணிப்பாளர் பார்த்தார். "வளையம்" என்றார்.

பின்னால் முப்பது பேனாக்கள் "வளையம்" என்று எழுதின.

ஜன்னலோரத்தில் லெட்சுமி டீச்சர் இருந்தார். அவரும் மடுல்கெல்லப் பக்கம்தான்; வேறு பாடசாலை. கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு வளையம் தெரியலையே. உடுக்க மாதிரில்ல தெரியுது, நடுவுல சிறுத்து?" என்றார்.

"காலையிலயே கோயிலுக்குப் போயிட்டு வந்திருப்பாங்க" என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு.

பணிப்பாளர் என்னவென்று கேட்டார். நவாஸ் சொன்னார். பணிப்பாளர் புன்னகையோடு ஏதோ சொன்னார். நவாஸ் தயங்கி, "சேர் கேக்குறாரு, அந்த டீச்சர் கண் டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாம்" என்றார்.

இன்னும் பெரிய சிரிப்பு. லெட்சுமி டீச்சர் எழுதியதை அடித்தார். நான் பார்த்தேன். உடுக்கை என்பதன்மேல் கோடு போட்டு, வளையம் என்று எழுதினார். கண்ணால் கண்டதை அடித்தார்.

தவமணியும் அதைப் பார்த்திருக்க வேண்டும். நேரே கதிரையின் முன்னால் வந்தாள். "சேர், ஒரு நிமிஷம் எழும்பி அந்த ஜன்னல் பக்கம் வந்து பாக்க முடியுமா?"

நவாஸ் மொழிபெயர்த்தார். குழுவில் இருந்த இளைய அதிகாரியான ஒரு பெண் பாதி எழுந்தார். பணிப்பாளர் அசையவில்லை என்பதைக் கண்டதும் சேலையைச் சரிசெய்வது போலப் பாவனை பண்ணிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். அந்தப் பாதி எழுச்சியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முழுதாக உட்கார்ந்திருந்தவரைவிட அவர்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். அவருக்குப் பார்க்க ஆசை இருந்தது.

"அதை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்" என்றார் பணிப்பாளர்.

"திருப்பினா பாடம் போயிடும் சேர். வானத்துல இருக்கிறதத் திருப்ப முடியாது. நாமதான் எழும்பணும்."

"புத்தகத்தில் வளையம்தான் இருக்கிறது. மாதிரி பிழை. ஆசிரியர்களைக் குழப்புகிறது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

சோற்றுப் பார்சலும் ஒரு யோசனையும்

மண்டபத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் நானும் தவமணியும் பார்சலைப் பிரித்தோம். பருப்பு, கத்தரிக்காய், ஒரு துண்டு மீன். நவாஸ் தன் பார்சலைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நான் செல்றதக் கேளுங்க. உள்ளுக்குப் பேசிட்டுத்தான் வாறேன். மாதிரிய பிழையா வெச்சிட்டேன்னு ஒரு வார்த்தை செல்லுங்க. அவரு பக்கம் திருப்பி வைங்க. போஸ்ட் உங்களுக்குத்தான். வேற ஆளே இல்ல."

"பிழையா வைக்கலையே, நவாஸ்."

"எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதுதானே பிரச்சின!"

அவர் போன பிறகு தவமணி பார்சலை மறுபடி கையில் எடுத்தாள். உட்கார்ந்தால் வலிக்கும் என்று நின்றபடியே சாப்பிட்டாள். நான் வாய் திறந்திருந்தால், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் நான்.

நடுவில் நின்றவர்

மறுபடி மண்டபம். தவமணி மேசைக்கு அருகில் போனாள். மாதிரியில் கை வைக்கவில்லை.

தமிழில், தெளிவாக, ஆத்திரம் இல்லாமல் சொன்னாள். "நான் வச்சது சரிதான். சேர் இருக்கிற எடத்துலருந்து பாத்தா வளையம், அதுவும் சரி. லெட்சுமி டீச்சர் இருக்கிற எடத்துலருந்து பாத்தா உடுக்க, அதுவும் சரி. பிழை ஒண்ணுதான். ரெண்டு எடத்துலயும் நின்னு பாக்க மாட்டேன்னு சொல்றது."

நவாஸ் பணிப்பாளர் பக்கம் திரும்பினார். சிங்களத்தில், பணிவாக, சரளமாகச் சொன்னார்: மாதிரியைத் தான் பிழையாக வைத்துவிட்டதாக டீச்சர் சொல்கிறார், சேரிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

பணிப்பாளரின் முகம் இளகியது. தலையசைத்தார். பேனாவைத் திறந்தார்.

நவாஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் இரண்டு மொழிக்கு நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். பொலிஸில், ஆஸ்பத்திரியில், காணிக் கந்தோரில், இந்தப் பக்கத்துச் சூட்டை ஆற்றித்தான் அந்தப் பக்கம் ஊற்றுவார்கள். அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். அன்று அவர் ஒரு பெண்ணின் இடுப்பைக் காப்பாற்றப் பார்த்தார்.

ஆனால் கண்டியில் பேச்சுச் சிங்களம் விளங்காத தோட்டப் பாடசாலை ஆசிரியர் யார்? முப்பது பேருக்கும் விளங்கியது. எல்லோரும் குனிந்துகொண்டார்கள். லெட்சுமி டீச்சர் மட்டும் குனியவில்லை. தவமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவமணி சிங்களத்தில் சொன்னாள். அவளுடைய சிங்களம் நவாஸுடையதைவிடச் சுத்தமானது.

"சேர், அவர் சொன்னது என்மேல் உள்ள அன்பினால். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னதை நானே சொல்கிறேன்." சொன்னாள், ஒரு சொல் விடாமல்.

பணிப்பாளர் பேனாவை மூடினார். கோப்பை எடுத்துக்கொண்டார். நன்றியுரைக்குக் காத்திருக்கவில்லை. அன்று முழுவதிலும் அவர் அந்தக் கதிரையைவிட்டு எழுந்தது வெளியே போவதற்கு மட்டும்தான். போகும்போது ஜன்னல் பக்கமாகத்தான் போனார். பார்வை நேரே இருந்தது.

முச்சக்கர வண்டியில்

திரும்பும் வழியில் மகாவலிப் பாலத்துக்கு முன்னால் வாகன நெரிசல். முச்சக்கர வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்தாள்.

"நவாஸ் சொன்னத அப்பிடியே விட்டிருக்கலாம்" என்றேன். "நீயா ஒண்ணும் பொய் சொல்லல."

"அந்த ஆளு எழும்பி வந்து ஒரு தடவ பாத்திருந்தா, நானே மன்னிப்புக் கேட்டிருப்பேன் அண்ணே" என்றாள். "பாத்துட்டு, இல்ல வளையம்தான்னு அடிச்சுச் சொல்லியிருந்தாக்கூட."

நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது விளக்கு ஏற்றும் படம். கீழே மூன்று வரி. அவர் கதிரையில் அமர்ந்திருக்கும் இன்னொரு படமும் இருந்ததாம், இடம் போதவில்லையாம்.

பதவிக்குத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். தவமணி இன்னும் குட்ஷெட்டில் பஸ் ஏறுகிறாள்.

ஒரு தொலைபேசி அழைப்பு

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் நவாஸ் அழைத்தார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கைபேசியை நான் மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"டீச்சர், கோவமா?"

"இல்ல, சொல்லுங்க."

"நாளைக்கு உங்கட ஆக்களுக்கெல்லாம் செமினார் வெச்சீக்கிது. அதே பாடம்தான். சிங்களத்துல ஒரு சேர் நடத்துவாரு. நான்தான் தமிழ்ல செல்லணும். எனக்கு நெபுலாவும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

எனக்குக் கொதித்தது. பதவி கொடுக்கவில்லை, பாடத்தை மட்டும் அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். போனை வை, வை என்று கையால் காட்டினேன். அவள் மாவுக் கையை உதறிவிட்டு என்னைத் தள்ளினாள்.

"முப்பது பேரு கேக்கப்போறாங்க அண்ணே" என்றாள். பிறகு மெதுவான காற்றிலிருந்து தொடங்கினாள். மாவு காய்ந்து விரல்களில் வெடிக்கும்வரை சொன்னாள். நவாஸ் இடையிடையே "ஆ" என்றார், எழுதிக்கொண்டார்.

முடியும்போது அவராகவே சொன்னார். "டீச்சர், உங்கட மாதிரி அண்டைக்கு இங்கயே நிண்டுட்டுதானே. அது இப்ப பணிப்பாளர் சேர்ட ரூம்ல ஈக்கிது. கண்ணாடி அலுமாரிக்குள்ள. நல்லா லைட்டெல்லாம் போட்டு."

"எப்பிடி வச்சிருக்காங்க?"

"வாய் முன்னுக்கு. பின்னுக்கு சுவர். வாசல்ல நிண்டு பாத்தா வளையம். எங்க நிண்டு பாத்தாலும் வளையம்தான்."

என் வாயில் வந்ததை இங்கே அச்சிட முடியாது. தவமணி கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"அலுமாரிச் சாவி யாருகிட்ட இருக்கு, நவாஸ்?"

மறுமுனையில் அவர் சிரிக்கிற சத்தம்.

"என்கிட்டத்தான், டீச்சர்."

"அப்ப வெளிய எடுத்து நடுவுல வைங்க. கதிரை ஒண்ணும் போடாதீங்க."